தெருவின் வாடகைக்குக் கடை கட்டும் வரி

தீபாவளிச் சரக்குக்கு வாங்கிய கடன் முழுதாகத் தீர்ந்திருக்காது, அதற்குள் சொத்து வரி பில் வந்துவிடும். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், நாங்கள் தேக்கா என்று சொல்லும் வட்டாரத்தில், சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது வருடா வருடம் நடப்பதுதான். உள்நாட்டு வருவாய் ஆணையம் ஆண்டுக் கடைசியில் அனுப்பும். ஜனவரி 31க்குள் கட்ட வேண்டும், தவறினால் 5 விழுக்காடு அபராதம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ போட்டுக்கொண்டால் வட்டியில்லாமல் 12 மாதத் தவணையில் கட்டலாம். பழைய ஆட்கள் சிலர் ஜைரோவை நம்பமாட்டார்கள். மொத்தமாகக் கட்டிவிட்டு, ஜனவரி முழுக்கப் புலம்புவார்கள்.

சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஜவுளிக் கடை, தையல் கடை, மளிகை, அச்சகம், ஒரு சாப்பாட்டுக் கடை. அதனால் அந்தப் புலம்பலின் பெரும்பங்கு என் காதில்தான் விழும். "கடையை மூடினால் அது வரியாலதான் தம்பி" என்று சொல்லாத முதலாளி குறைவு. கணக்கைப் பிரித்துப் பார்த்தால், கடையை மூட வைப்பது பெரும்பாலும் வாடகை. வரி அந்த வாடகையின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஆனால் அது வந்து சேரும் விதம் கொஞ்சம் விசித்திரமானது. சொந்தக் கட்டடக்காரருக்கு ஒரு விதமாக, வாடகைக்காரருக்கு வேறு விதமாக.

முதலில் கணக்கு. சிங்கப்பூரில் கடைக்கான சொத்து வரி, அந்த இடத்தின் ஆண்டு மதிப்பில் 10 விழுக்காடு. ஆண்டு மதிப்பு என்பது, அந்த இடத்தை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டில் எவ்வளவு வாடகை வரும் என்று ஆணையம் போடும் மதிப்பீடு. தளவாடத்துக்கான வாடகை, பராமரிப்புக் கட்டணம் இவற்றைக் கழித்துவிடுவார்கள். சுற்றுவட்டாரத்தில் அதேபோன்ற கடைகள் என்ன வாடகைக்குப் போகின்றன என்று பார்த்து இதை ஆண்டுதோறும் மறுஆய்வு செய்கிறார்கள். மாதம் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாடகை பெறக்கூடிய கடைக்கு ஆண்டு மதிப்பு 60,000, வரி 6,000. எப்படிப் பார்த்தாலும் ஒரு மாதமும் சொச்ச நாளும், சரியாகச் சொன்னால் 1.2 மாத வாடகை.

நீங்கள் எவ்வளவு விற்றீர்கள் என்ற கேள்வி இதில் எங்கேயும் வருவதில்லை. வருமான வரிக்கு லாபம் வேண்டும், பொருள் சேவை வரிக்கு விற்பனை வேண்டும். சொத்து வரிக்குத் தெரு இருந்தால் போதும்.

டன்லப் ஸ்திரீட் பக்கம் ஒரு ஜவுளிக் கடை. பெரியவரின் அப்பா காலத்தில் வாங்கிய, கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடு. அந்த வட்டாரம் 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அரசிதழில் வந்தது, கட்டடங்களை இடிக்க முடியாது என்றானது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமோ 2001இல் முழுதாக நீக்கப்பட்டது. கட்டடத்துக்குக் காவல் வந்தது, வாடகைக்கு இருந்த காவல் போனது. அப்புறம் தெருவுக்கு மதுக்கூடங்களும் முதுகுப்பைப் பயணிகளுக்கான தங்கும் விடுதிகளும் வந்தன. அவர்கள் கொடுக்கும் வாடகை, சேலை விற்று யாரும் கொடுக்க முடியாதது. 2023 ஏப்ரலில் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் கட்ட வேண்டிய கூடுதல் முத்திரை வரி 60 விழுக்காடாக உயர்ந்தது. வணிகக் கடைவீடுகளுக்கு அந்த வரி கிடையாது. காசு எந்தப் பக்கம் பார்க்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவருக்கு இதில் எதுவும் சம்பந்தமில்லை. அவர் அதே மரப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து, அதே பருத்திச் சேலைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் கீழ்த்தளத்தின் ஆண்டு மதிப்பு 96,000இலிருந்து 120,000 ஆனது. வரி 9,600இலிருந்து 12,000.

"நான் என்ன செஞ்சேன்? பக்கத்துக் கடையில பீர் விக்கிறான், எனக்கு ஏன் கூடுது?"

இந்தக் கேள்விக்குச் சட்டப்படி பதில் இருக்கிறது, அது அவரைச் சமாதானப்படுத்தும் பதில் அல்ல. 12,000 வெள்ளி என்றால் அவர் கணக்கில் என்ன என்று உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். சரக்கு, இருவர் சம்பளம், மத்திய சேம நிதிக்குக் கட்டுவது, மின்சாரம் எல்லாம் போக, விற்பனையில் நூற்றுக்கு இருபது மிஞ்சினால் அவருக்கு அது நல்ல வருடம். அப்படியானால் வரிக்கு மட்டும் 60,000 வெள்ளிக்குத் துணி விற்க வேண்டும். கல்யாணச் சேலை எடுக்க ஆள்கள் ஜோகூர் பாருவுக்கும், டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் தியாகராய நகருக்கும் போகிற காலத்தில்.

ஆனால் அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு, அதை அவருடைய மூத்த மகன் போட்டான். கடையை மூடிவிட்டு அந்த இடத்தை மாதம் 10,000க்கு வாடகைக்கு விட்டாலும் வரி அதே 12,000தான். ஒரு வெள்ளி கூடாது. கடை நடத்தினால் 12,000 கொடுத்துவிட்டு மிச்சத்துக்கு மாரடிக்க வேண்டும். வாடகைக்கு விட்டால் 120,000 கைக்கு வந்து, அதிலிருந்து 12,000 கொடுத்தால் போதும். வருமான வரி உண்டுதான், இருந்தாலும் எது சுலபம் என்று கேட்டால் எதிரில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் பதில் இல்லை. இந்த வரி அவரை நசுக்குகிறது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு டிசம்பரிலும் அது ஒரு தாளில் அச்சடித்து, "இன்னும் ஏன் துணி விற்கிறீர்கள்?" என்று கேட்கிறது.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் கணக்கெழுதுபவன் இல்லை. பெரியவர் ஏழை அல்ல. அந்தக் கட்டடத்தை விற்றால் பேரப்பிள்ளைகள் வரை உட்கார்ந்து சாப்பிடலாம். மதிப்பு கூடியது அவர் உழைப்பால் அல்ல, தெருவால். தெருவால் வந்த மதிப்பில் ஒரு பங்கை அரசு கேட்பதில் அநியாயம் எங்கே என்று ஒரு பொருளியல் மாணவர் கேட்டால், நான் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் விற்காதவரை அந்த மதிப்பு சோறு போடாது. அவருக்கு விற்கும் எண்ணமும் இல்லை.

வீட்டுக்கு இந்த வேறுபாட்டை அரசு ஒத்துக்கொள்கிறது. சொந்த வீட்டில் குடியிருந்தால் ஒரு விகிதம், சுழியத்தில் தொடங்கி 32 விழுக்காடு வரை போகும். வாடகைக்கு விட்டால் வேறு விகிதம், 12இல் தொடங்கி 36 வரை. குடியிருக்கிறவன் வேறு, வாடகை வாங்குகிறவன் வேறு என்பது அங்கே சட்டத்திலேயே இருக்கிறது. கடைக்கு அந்தப் பேச்சே இல்லை. நீயே நடத்தினாலும் 10, வாடகைக்கு விட்டாலும் 10, ஆர்ச்சர்ட் சாலையில் ஆறு மாடிப் பேரங்காடி வைத்திருந்தாலும் 10. ஏன் என்று யோசித்திருக்கிறேன். கடைக்குச் சலுகை கொடுத்தால், கட்டடத்தை ஒரு நிறுவனத்தின் பெயரிலும் வியாபாரத்தை இன்னொரு நிறுவனத்தின் பெயரிலும் வைத்திருக்கும் பெரிய ஆள்கள் முதல் வரிசையில் வந்து நிற்பார்கள். யார் சொந்தமாக நடத்துகிறார் என்று பிரிப்பது அதிகாரிகளுக்குத் தலைவலி. புரிகிறது. ஆனாலும், ஒருவர் சொந்தப் பெயரில் வைத்து, தானே நடத்தும் ஒற்றைக் கடைக்கு ஒரு தள்ளுபடி எழுத முடியாத அளவுக்கு நம் அதிகாரிகள் கெட்டிக்காரத்தனம் இல்லாதவர்கள் என்று நான் நம்பவில்லை. தேசிய மரபுடைமைக் கழகம் 2025இல் நீண்டகாலக் கடைகளை அங்கீகரிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது, நல்லது. பெரியவர் விசாரித்தார். "பட்டயம் மாட்டுவாங்களா, பில் கொறையுமா?" என்றுதான்.

ஆண்டு மதிப்பு அதிகம் என்று தோன்றினால் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மதிப்பீட்டு அறிவிப்பு வந்த 30 நாளுக்குள் எழுத வேண்டும். முடிவு வரும்வரை பழைய தொகையைக் கட்டுகிறேன் என்று சொல்ல முடியாது, பில்லில் உள்ளதைக் கட்டிவிட்டுத்தான் சண்டை. பெரியவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். முதல் வரைவு முழுக்க வியாபாரம் எப்படிப் படுத்துவிட்டது என்ற கதை. அதை அவரே கிழிக்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் வியாபாரம் படுத்தது காரணமே ஆகாது. வாடகை பற்றிப் பேச வேண்டும். வாசல் குறுகல், தெருமுனையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, பின்பக்கம் பாதி இடம் முற்றத்துக்குப் போகிறது, இதே அகலமுள்ள பக்கத்துக் கடைகள் இன்ன வாடகைக்குப் போயிருக்கின்றன. நகர மறுசீரமைப்பு ஆணையம் வெளியிடும் வாடகைத் தகவலையும் சேர்த்தோம். மதிப்பு 114,000க்கு இறங்கியது. 600 வெள்ளி மிச்சம். அவர் அதை ஒரு பெரிய வெற்றியாகத் தெருவெல்லாம் சொன்னார். ஒத்துவராவிட்டால் மதிப்பீட்டு மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம், அதற்கு அவரும் தயாரில்லை, நானும் தயாரில்லை.

சரி, வாடகைக்காரர் கதைக்கு வருவோம். தேக்காவிலும் சரி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் கீழ்த்தளத்திலும் சரி, நம் கடைக்காரர்களில் பலர் இந்த வகைதான். வீவக 1990களில் கடைகளை அதில் இருந்தவர்களுக்கே விற்றது, 1998இல் நிறுத்திவிட்டது. அப்போது வாங்கியவர் இன்று கட்டட முதலாளி, வாங்காதவர் இன்றும் வாடகைக்காரர். ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் கடையில் இந்த இருவரையும் பார்க்கலாம். இருவரும் ஒன்றாகத் தேநீர் குடிப்பார்கள், வாடகை பற்றி மட்டும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

வாடகைக்காரருக்குச் சொத்து வரி பில் வராது. சட்டப்படி கட்ட வேண்டியவர் உரிமையாளர். அதனால் பலருக்கு அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. நான் கணக்கெழுதும் தையல் கடை அக்காவுக்கு அது தெரியவந்தது 2020இல். கொரோனா கால முடக்கமான சர்க்கிட் பிரேக்கரில் கடை பூட்டிக் கிடந்தது. அரசு அந்த ஆண்டின் சொத்து வரியில் தள்ளுபடி அறிவித்தது: கடைகள், உணவகங்களுக்கு 100 விழுக்காடு, அலுவலகம், தொழிற்கூடம் போன்றவற்றுக்கு 30. அதைக் கட்டட உரிமையாளர் தன் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது, நிபந்தனை எதுவுமின்றி வாடகைக்காரருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டமும் போட்டார்கள். அக்காவின் வாடகை அப்போது 4,000. ஆண்டு மதிப்பு 48,000, வரி 4,800.

"எனக்கு அவர் 4,800 வெள்ளி தரணுமா? அவர் எனக்கா?" என்று அக்கா திரும்பத் திரும்பக் கேட்டார். மாதா மாதம் கொடுத்தே பழகியவருக்கு, அந்தப் பக்கத்திலிருந்து காசு வரும் என்பதே நம்ப முடியாததாக இருந்தது. உரிமையாளர் முதலில் "அது எனக்கு வந்த சலுகை" என்றார். அப்புறம் எங்கேயோ விசாரித்துவிட்டு, வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். பின்னால் வந்த வாடகை நிவாரணத்தில் அரசு தரப்பில் (இந்த வரித் தள்ளுபடியையும் சேர்த்து) 2 மாதம், விற்பனை அதிகம் விழுந்த சிறு கடைகளுக்கு உரிமையாளர் தரப்பில் 2 மாதம் என்று 4 மாதம் வரை போனது. அக்கா கடை பிழைத்தது அதில்தான். சொத்து வரி கடைக்காரர் தலையில்தான் கடைசியில் வந்து விழுகிறது என்பதை அரசே ஒருமுறை எழுத்தில் ஒப்புக்கொண்டது என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் வரித் தள்ளுபடியை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கச் சட்டம் எதற்கு?

நோய் போனது. அக்காவின் அடுத்த ஒப்பந்தத்தில் வாடகை 5,000 ஆனது. பல வாடகை ஒப்பந்தங்களில் உள்ளே எங்கேயோ ஒரு விதி இருக்கும்: ஒப்பந்தக் காலத்தில் சொத்து வரி உயர்ந்தால் அந்த உயர்வை வாடகைக்காரர் ஏற்க வேண்டும். கைரேகை பார்ப்பதுபோல் கையொப்பம் போடும் இடத்தை மட்டும் தேடிப் பார்ப்பவர்களுக்கு அது கண்ணில் படாது. அக்காவுக்கும் படவில்லை. புதிய வாடகையைக் கணக்கில் எடுத்து ஆண்டு மதிப்பு 48,000இலிருந்து 60,000க்குப் போனது, வரி 1,200 கூடியது, அந்த 1,200 அக்காவிடம் வந்து நின்றது.

கவனித்துப் பாருங்கள். வரி ஏன் உயர்ந்தது? வாடகை உயர்ந்ததால். வாடகையை உயர்த்திக் கொடுத்தது யார்? அக்கா. மாதம் 1,000 கூடுதலாகக் கொடுக்க ஒப்புக்கொண்ட குற்றத்துக்கு, மாதம் 100 கூடுதலாக இன்னொரு பக்கம் கொடுக்கிறார். உரிமையாளர் பொருள் சேவை வரிக்குப் பதிந்தவர் என்பதால், வாடகை 5,000க்கு 9 விழுக்காடு, 450 வெள்ளி. வாடகைக்காரரிடம் வசூலிக்கும் அந்தச் சொத்து வரிக்கும் அதே 9 உண்டு. பெரிய நிறுவனம் என்றால் இந்த 9ஐத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளிக்குக் கீழே உள்ள கடை பதிய வேண்டிய கட்டாயம் இல்லை, பதியாத கடைக்குத் திரும்பக் கிடைக்கவும் செய்யாது. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, அதுவும் அவர் தலையில்: இரண்டு வருடத்துக்கு 480. ஆக, வரி என்று அக்கா திட்டுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவரைக் கடித்ததில் பெரியது சொத்து வரி அல்ல. வாடகை மாதம் 1,000 கூடியது, அதன் மேல் வரும் 9 விழுக்காடு, கடைசியில்தான் அந்த 100.

சென்னையில் இருக்கும் என் மைத்துனர் இதைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு மாநகராட்சி அரையாண்டுக்கு ஒருமுறை, சதுர அடிக்கு இவ்வளவு, தீர்ந்தது" என்றார். இங்கே மாநகராட்சி என்று தனியாக ஒன்று இல்லை, வரி நேராக அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. அவருடைய முறை நல்லதா, நம்முடையது நல்லதா என்ற வாதம் சாப்பாடு ஆறும்வரை போனது. வாடகையை அடிப்படையாக வைப்பதுதான் நேர்மை என்பது என் கட்சி, இன்னமும். வாடகை விழுந்தால் வரியும் விழ வேண்டும், கோட்பாட்டின்படி விழவும் விழும்.

ஆனால் வாடகை லேசில் விழுவதில்லை. 2014 முதல் காலி இடத்துக்கு வரியைத் திருப்பித் தருவது கிடையாது, கடை பூட்டிக் கிடந்தாலும் உரிமையாளர் வரி கட்டத்தான் வேண்டும். காலியாக வைத்திருப்பவர் பயந்துபோய் வாடகையைக் குறைப்பார் என்று நினைக்கத் தோன்றும். நான் பார்த்தவரை குறைப்பதில்லை. மாதம் 10,000 கேட்கும் இடத்துக்கு வரி மாதம் 1,000. அதைக் கட்டிக்கொண்டு அரை வருடம் காத்திருக்க அவரால் முடியும். 8,500க்கு ஒருமுறை விட்டுவிட்டால் கட்டடத்தின் விலையே அந்த வாடகையை வைத்துத்தான் பேசப்படும் என்பது அவருக்குத் தெரியும். டன்லப் ஸ்திரீட்டில் ஐந்தடிப் பாதையில் நடந்தால் 'வாடகைக்கு' என்று தொங்கும் அட்டைகள் சில வெயிலில் வெளுத்துப் போயிருக்கும். அவற்றுக்கும் வரி போய்க்கொண்டுதான் இருக்கிறது.

2024 பிப்ரவரி முதல் சில்லறைக் கடை வாடகை ஒப்பந்தங்களுக்கான நடத்தை நெறிமுறை சட்டமாகி இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில், ஒரே சூத்திரத்தில் வாடகை கணக்கிட வேண்டும் என்பது போன்ற விதிகள் அதில் உண்டு. பேரங்காடிக்குள் இருக்கும் கடைகளுக்கு நல்ல துணை. ஆனால் வாடகை எவ்வளவு என்பதில் அது தலையிடாது. அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு வார்த்தைதான்: ஒப்பந்தத்தைப் படியுங்கள். அத்தோடு, ஆணையத்தின் இணையத்தளத்தில் சில வெள்ளி கட்டினால் எந்தக் கடையின் ஆண்டு மதிப்பையும் பார்க்கலாம். உரிமையாளர் "வரி ரொம்ப ஏறிடுச்சு, அதான் வாடகையை ஏத்துறேன்" என்று வந்து நிற்கும்போது, அந்த எண் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். வரி 600 ஏறியதற்கு வாடகையை வருடத்துக்கு 6,000 ஏற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அக்கா இதைக் கற்றுக்கொண்டார். இந்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப் போனபோது அந்த வரி உயர்வு விதியைத் தானே விரல் வைத்துக் காட்டி, எடுத்துவிடுங்கள் என்றார். புது வாடகை 5,500. உரிமையாளர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சரிம்மா, எடுத்துடுறேன். மாசம் 80 கூட்டிக்கிறேன்."

அக்கா எனக்குப் போன் போட்டார். ஆண்டு மதிப்பு புது வாடகைக்கு ஏற்ப 66,000 ஆனாலும் கூடும் வரி வருடத்துக்கு 600, அதாவது மாதம் 50. 80 கொடுப்பது நஷ்டம், விதி அப்படியே இருக்கட்டும் என்றேன். பொருள் சேவை வரி வேறு இரண்டு பக்கமும் உண்டு என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஜனவரியில் திடீரென்று ஒரு தாள் வந்து நிற்பதைவிட மாதம் 80 தெரிந்து போவது மேல் என்று சொல்லி, 5,580க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.